தலைச்சன் பிறந்த வீடு

காவிரி டெல்டாவில் தலைச்சன் பிரசவம் தாய்வீட்டில்தான். வளைகாப்பு முடிந்த கையோடு பெண்ணை அழைத்துப் போய்விடுவார்கள். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ பிள்ளையும் கையுமாகச் சீரோடு கொண்டுவந்து விடுவார்கள். செலவு தாய்வீட்டுக்கு, பெருமை மாமியார் வீட்டுக்கு. இந்துவோ முஸ்லிமோ கிறிஸ்தவரோ, மிராசுதார் வீடோ கூலிக்காரர் குடிசையோ, இந்த ஏற்பாட்டில் பெரிய வித்தியாசம் கிடையாது. இதில் அரசாங்கம் தலையிட ஒன்றுமில்லை என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் 1948இலும் 1962இலும் நடப்புக்கு வந்த இரண்டு ஏற்பாடுகள், போட்டவர்களே யோசிக்காத விதத்தில், இந்த வழக்கத்தின் மேல் வந்து விழுந்தன. ஒன்றினால் தாய்வீட்டில் பிறந்தவர் ஓர் ஐரோப்பிய நாட்டின் குடிமகனாகவே நீடித்தார். இன்னொன்றினால் தாய்வீட்டில் பிறந்தவரின் பிள்ளைகளுக்கு நாடே இல்லாமல் போயிற்று.

முதல் கதை நமக்குப் பக்கத்தில் நடந்தது. திருத்துறைப்பூண்டியில் பேருந்து ஏறினால் நாகை வழியாக இரண்டு மணி நேரத்துக்குள் காரைக்கால். 1739 முதல் பிரெஞ்சுக்காரர் கையிலிருந்த ஊர். எல்லை என்று ஒரு கோடு இருந்தாலும் பெண் கொடுத்துப் பெண் எடுப்பதை அது தடுக்கவில்லை. நாகப்பட்டினத்துப் பெண் காரைக்காலில் வாழ்க்கைப்படுவாள், தலைப்பிரசவத்துக்கு நாகப்பட்டினம் வருவாள், பிள்ளையோடு திரும்புவாள். தகப்பன் பிரெஞ்சுக் குடி என்றால் பிள்ளையும் பிரெஞ்சுக் குடி, எங்கே பிறந்தாலும்.

1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1956 மே 28 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. பாரிஸ் நாடாளுமன்றம் அதை ஏற்று, சட்டப்படி கைமாறிய நாள் 1962 ஆகஸ்ட் 16. அன்றைய தேதியில் புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் ஆகிய நான்கு இடங்களில் பிறந்து அங்கேயே வசித்துவந்த பிரெஞ்சுக் குடிகள் தாமாகவே இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். பிரான்ஸே வேண்டும் என்பவர் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுக்க வேண்டும். சுமார் 5,000 பேர் எழுதிக்கொடுத்தார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தாக்கள், சைகோனில் உத்தியோகம் பார்த்தவர்கள், அவர்களின் குடும்பங்கள் அவர்களில் நிறைய. மற்றவர்களில் பலருக்கு இப்படியொரு கெடு ஓடுகிறது என்பதே தெரியவில்லை. தெரிந்த சிலர், சுதந்திரம் வந்த பிறகு வெள்ளைக்காரன் காகிதம் எதற்கு என்று விட்டுவிட்டார்கள்.

ஒப்பந்தம் பேசியது அந்த எல்லைக்குள் பிறந்தவர்களைப் பற்றி மட்டும். வெளியே பிறந்த பிரெஞ்சுக் குடியைப் பற்றி அது மூச்சுவிடவில்லை. எனவே அவருடைய பிரெஞ்சுக் குடியுரிமை தொடப்படாமல் அப்படியே நின்றது; பிரெஞ்சு நீதிமன்றங்களும் பிற்பாடு இதை ஏற்றன. இதன் விளைவை ஒரு வீட்டுக்குள் வைத்துப் பார்க்கலாம். அண்ணன் தலைச்சன், நாகப்பட்டினத்தில் அம்மாவின் வீட்டில் பிறந்தவர். தம்பி காரைக்காலில் அப்பா வீட்டில் பிறந்தவர். 1962இல் இருவருக்கும் வயது வந்துவிட்டது. இருவரும் எதையும் எழுதிக்கொடுக்கவில்லை. தம்பி இந்தியர். அண்ணன் பிரெஞ்சுக்காரர். அண்ணனின் பேரப்பிள்ளைகள் இன்று பாரிஸ் புறநகரில் இருக்கலாம். தம்பியின் பேரப்பிள்ளைகள் திருநள்ளாறு சாலையில் கடை வைத்திருக்கலாம். பிரெஞ்சு அதிபர் தேர்தலுக்கு இன்றும் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் வாக்குச்சாவடி போடுகிறார்கள். அந்த வரிசையில் நிற்பவர்களில் சிலர், பாட்டியின் பிரசவம் எங்கே நடந்தது என்பதற்காக அங்கே நிற்பவர்கள்.

இரண்டாவது கதைக்குக் கடல் தாண்ட வேண்டும். 1948இன் இலங்கைக் குடியுரிமைச் சட்டம், 18ஆம் எண். அந்த ஆண்டு நவம்பர் 15க்கு முன் இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவளியால் குடிமகன் ஆக வேண்டுமானால், அவருடைய தகப்பனார் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் தகப்பன்வழிப் பாட்டனும் முப்பாட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். மேலோட்டமாகப் படித்தால் எந்தச் சமூகத்தின் பெயரும் அதில் இல்லை. மலையகத் தோட்டங்களில் இருந்த லட்சக்கணக்கான தமிழர்களை வெளியே நிறுத்த இந்த இரண்டு வரி போதுமானதாக இருந்தது.

ஏனென்றால் லயத்து அறைக்குள் குடும்பம் மூன்று தலைமுறை கண்டிருந்தாலும், முதல் பிரசவத்துக்குப் பெண்ணை மண்டபம் வழியாக ஊருக்கு அனுப்புகிற வழக்கம் பலரிடம் விடாமல் இருந்தது. தாய்வீடு புதுக்கோட்டையிலோ துறையூரிலோ இருந்தது. அப்படிப் பிறந்த தலைச்சன் கைக்குழந்தையாக இலங்கை திரும்பி, தேயிலைக் காட்டிலேயே வளர்ந்து, கல்யாணம் செய்து, பிள்ளை பெற்றான். அவனுடைய பிள்ளைகள் இலங்கையை விட்டு வேறு மண்ணை மிதித்ததே இல்லை. ஆனாலும் தகப்பன் பிறந்தது இந்தியாவில். சட்டம் கதவை மூடிவிட்டது. உண்மையிலேயே அங்கே பிறந்த தகப்பன்மாருக்கும் அதைக் காட்டும் சான்று பலரிடம் இல்லை. கிட்டத்தட்ட 7 லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1947 தேர்தலில் இவர்களின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 இடங்களை வென்றிருந்தது. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. அதே ஆண்டு வந்த இன்னொரு சட்டம், வசித்த ஆண்டுகளைக் கணக்குக் காட்டினால் பதிவு செய்துகொள்ளலாம் என்றது. எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோருக்காக மனு போட்டார்கள். கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு.

ஒரே வளைகாப்பு, ஒரே பயணம், ஒரே தாய்வீடு. காரைக்காலில் அது குடியுரிமையைக் காப்பாற்றியது, கண்டியில் பறித்தது. வம்சாவளிக் குடியுரிமை என்றால் இரத்தத்தைப் பற்றியது என்று பேசுகிறவர்களை நான் சந்தேகத்தோடு பார்ப்பதற்கு இதுதான் காரணம். அரசு ஒருபோதும் இரத்தத்தைப் பார்ப்பதில்லை. ஒரு தேதியைப் பார்க்கிறது, ஓர் எல்லைக்கோட்டைப் பார்க்கிறது, அவை இரண்டையும் சேர்த்துச் சொல்லும் ஒரு தாளைக் கேட்கிறது. தாள் யாரிடம் இருக்கும் என்பதை முடிவு செய்தது வேறொன்று.

நம் திருத்துறைப்பூண்டி தாலுகாவிலிருந்து இலங்கைத் தோட்டத்துக்குப் போனவர்கள் ஒப்பீட்டளவில் குறைவு. அங்கே திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, ராமநாதபுரம் ஆட்கள்தான் அதிகம். நமக்கு அக்கரை என்றால் மலாயா. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினால் பினாங்கு. அப்புறம் போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர். 1926இல் கட்டிய ரஜுலா கப்பலின் பெயர் இங்கே இன்னும் பல வீடுகளில் புழங்குகிறது. 1938இல் இந்திய அரசு கூலியாட்கள் உதவியோடு போவதைத் தடை செய்யும் வரை, கங்காணிகள் வந்து ஆள் சேர்த்தார்கள். கங்காணிக்கு உரிமச் சீட்டு வேண்டும். கிராம முனிசீப்பின் கையெழுத்து வேண்டும். நாகப்பட்டினம் டிப்போவில் சோதனை உண்டு.

இந்தக் கிராம முனிசீப் என்ற இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அது பரம்பரைப் பதவி. கீழத்தஞ்சையில் பெரும்பாலும் நிலமுள்ள குடும்பத்துப் பதவி. கப்பலேற நினைத்தவனோ அதே வகையறாவிடம் கடன்பட்ட பண்ணையாள். தப்பித்துப் போகிறவன் தன்னை விரட்டிப் பிடிக்கக்கூடியவரிடமே ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்க வேண்டும். ஆள் குறைந்து கூலி ஏறுகிறது என்று மிராசுதார்கள் புலம்பிய காலம் அது. எனவே பக்கத்துக் கிராமத்தின் பெயரைச் சொன்னவர்கள், வேறு பெயர் கொடுத்தவர்கள், தகப்பன் பெயரை மாற்றியவர்கள் எல்லாம் உண்டு. சாதி அடையாளம் சொட்டும் பெயரைக் கடலில் போட்டுவிட்டுப் புதுப்பெயரோடு பினாங்கில் இறங்கியவர்களும் உண்டு. அந்தப் பொய் அன்றைக்கு அவர்களைக் காப்பாற்றியது. அவர்களின் கொள்ளுப்பேரன் இன்று தாலுகா அலுவலகத்தில் கொண்டுவந்து நீட்டும் தாளில் இருப்பது அந்தப் பெயர்தான்.

கொள்ளுப்பேரன் எதற்காக நீட்டுகிறான்? வெளிநாட்டு இந்தியக் குடிமகன் என்ற ஓ.சி.ஐ. அட்டைக்காக. 2005இல் சட்டம் திருத்தப்பட்டு, 2006 ஜனவரியில் தொடங்கி வைக்கப்பட்ட ஏற்பாடு. அதற்கு முன் 1999 முதல் இந்திய வம்சாவளியினருக்கான பி.ஐ.ஓ. அட்டை என்று ஒன்று இருந்தது. 2015 ஜனவரியில் இரண்டையும் ஒன்றாக்கினார்கள். 1950 ஜனவரி 26 அன்றோ அதற்குப் பிறகோ இந்தியக் குடிமகனாக இருந்தவர், அல்லது அன்றைக்கு அப்படி ஆகத் தகுதி பெற்றிருந்தவர், இப்போது வேறு நாட்டுக் குடிமகன் என்றால் வாங்கலாம். அவருடைய பிள்ளை, பேரப்பிள்ளை, கொள்ளுப்பேரப்பிள்ளை வரை வாங்கலாம் என்பது பொது விதி. மொரீஷியஸ்காரர்களுக்கு 2024 மார்ச்சில் இது ஏழாம் தலைமுறை வரை நீட்டப்பட்டது. டிரினிடாட் டொபாகோவுக்கு ஆறாம் தலைமுறை என்று 2025 ஜூலையில் பிரதமர் அங்கே போய் அறிவித்தார். பெயரில் குடிமகன் இருந்தாலும் இது குடியுரிமை ஆகாது. வாழ்நாள் விசா என்று சொன்னால் சரியாக இருக்கும். வாக்கு கிடையாது. இரட்டைக் குடியுரிமைக்கு நம் அரசியல் சாசனத்தின் 9ஆம் பிரிவு இடம் கொடுக்கவில்லை.

அதே சாசனத்தின் 8ஆம் பிரிவைப் பலர் மறந்துவிட்டார்கள். தானோ, பெற்றோரில் ஒருவரோ, பாட்டன் பாட்டியில் ஒருவரோ பழைய இந்தியாவில் பிறந்திருந்தால் போதும். வெளிநாட்டில் வசிப்பவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் மனு கொடுத்து முழு இந்தியக் குடிமகனாகப் பதிந்துகொள்ளலாம். பாட்டனை வைத்துக் குடியுரிமை தரும் சட்டம் 1950இலேயே நம்மிடம் இருந்தது. ஆனால் வெளிநாட்டு இந்தியர்கள் வாழும் நாட்டையே தம் நாடாக ஏற்க வேண்டும் என்பது நேருவின் கொள்கை. ரப்பர் தோட்டத்துத் தொழிலாளிக்குக் கோலாலம்பூர் தூதரகம் எட்டாத தூரம். 1957இல் மலாயா சுதந்திரம் அடைந்தபோது பலர் நீல அடையாள அட்டைக்கு மனு போடாமலே சிவப்பு அட்டையோடு இருந்துவிட்டார்கள். 1969 மே 13 கலவரத்துக்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை உரிமம் கட்டாயம் என்று வந்தபோது, பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் இறங்கினார்கள். அக்கரையில் நாற்பது வருடம் உழைத்தவர்களுக்கு இந்தப் பக்கம் ஒரு குழி நிலம் கிடையாது.

நிலம் இல்லை என்பதுதான் தாள் இல்லை என்பதற்கும் வேர். ஓ.சி.ஐ. மனுவுக்கு மூதாதையரின் பழைய பாஸ்போர்ட்டோ, பிறப்பிடச் சான்றோ, பூர்வீகத்தைக் காட்டும் வேறு ஆவணமோ வேண்டும். பிறப்பிடச் சான்று கேட்டு வருகிறவரிடம் கிராம நிர்வாக அலுவலர் முதலில் கேட்பது பட்டா, சிட்டா. மன்னார்குடியிலோ கூத்தாநல்லூரிலோ முத்துப்பேட்டையிலோ வேர் உள்ள வியாபாரக் குடும்பமென்றால் பிரச்சினை இல்லை. ரங்கூனுக்கும் சைகோனுக்கும் எழுதிய கணக்கு இருக்கும், வீட்டுப் பத்திரம் இருக்கும், பள்ளிவாசல் ஜமாத்தின் திருமணப் பதிவு இருக்கும். பண்ணையாள் வம்சத்துக்கு? 1952இல்தான் தஞ்சைச் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்பு என்று முதல் சட்டம் வந்தது. குடியிருந்த குடிசையின் அடிமனைகூட மிராசுதாருடையது. அதை இருப்பவருக்கே சொந்தமாக்கும் குடியிருப்புச் சட்டம் 1971இல் வந்தது. தன் பெயரையும் தன் ஊரையும் சேர்த்து எழுதிய முதல் சர்க்கார் காகிதம் பல குடும்பங்களுக்கு அந்தக் குடியிருப்புப் பட்டாதான். கப்பலேறியவர்கள் போய் அதற்குள் முப்பது, நாற்பது வருடம் ஆகியிருந்தது.

பிறப்பு இறப்புப் பதிவேடு இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது, 1899இல் சென்னை மாகாணத்துக்கு அதற்கொரு சட்டமே வந்தது. எழுதியவர் அதே கிராம முனிசீப். சேரிக்குள் போய் எழுதியது எவ்வளவு என்பது அந்தந்த ஆளைப் பொறுத்தது. எழுதிய இடத்திலும் குழந்தைக்குப் பெயர் இல்லாமல் தகப்பன் பெயரும் ஆணா பெண்ணா என்பதும் மட்டுமாக விட்ட பதிவுகள் ஏராளம். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கர்ணம், முனிசீப் பதவிகளை ஒழித்தது. செய்ய வேண்டிய காரியம்தான். ஆனால் வீட்டுப் பரணில் இருந்த பழைய நோட்டுகள் எல்லாம் ஒழுங்காகத் தாலுகா அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தன என்று யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள்.

காரைக்காலில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே கொம்யூன் பதிவேட்டில் பிறப்பும் திருமணமும் இறப்பும் பெயரோடு ஏறின. 1881 செப்டம்பரில் வந்த ஆணைப்படி, தங்கள் சாதி சமய வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றவர்களில் ஒடுக்கப்பட்ட சாதியாரும் கிறிஸ்தவர்களும் கணிசம். துறந்தவுடன் ஒரு குடும்பப்பெயரும் பதிவும் கிடைத்தன. அந்தக் காகிதம் சைகோனில் சம்பளமாக மாறியது. பிரெஞ்சு ஆட்சியை மெச்சுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்கள் தேவைக்கு அவர்கள் எழுதினார்கள். ஒரே ஆற்றுநீர் பாயும் இரண்டு ஊர்களில், ஒன்றில் ஏழையின் பிறப்பு எழுதப்பட்டது, மற்றொன்றில் பெரும்பாலும் எழுதப்படவில்லை. ஒன்றின் கொள்ளுப்பேரன் ஐரோப்பியக் குடிமகன். மற்றொன்றின் கொள்ளுப்பேரன் ஒரு விசாவுக்காகத் தெருத்தெருவாகத் தாத்தாவின் பெயரைச் சொல்லி விசாரிக்கிறான்.

விசாரிப்பதிலும் சிக்கல் உண்டு. பழைய மலாயாத் தாளில் தஞ்சாவூர் ஜில்லா, திருத்துறைப்பூண்டி தாலுகா என்று இருக்கும். அன்றைய தாலுகாவுக்குள் வேதாரண்யமும் இருந்தது, கோடிக்கரையும் இருந்தது, முத்துப்பேட்டையும் இருந்தது. 1991இல் நாகை மாவட்டம் பிரிந்தது. 1997 ஜனவரி 1 அன்று திருவாரூர் மாவட்டம் பிறந்தது. இன்று வேதாரண்யம் ஒரு மாவட்டம், திருத்துறைப்பூண்டி இன்னொரு மாவட்டம். ஊர்ப்பெயரை ஆங்கிலத் துரையின் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பான். அது இடும்பாவனமா, எடையூரா, இடையூரா என்று கண்டுபிடிக்க இங்கே வயதானவர்களைத்தான் கேட்க வேண்டும். தேடி வருகிறவர்கள் திருத்துறைப்பூண்டி பிறவி மருந்தீசுவரர் கோயில் வாசலில் இறங்கி விசாரிப்பது அதனால்தான். அப்படித் தேடிக் கண்டுபிடித்து, அட்டையும் வாங்கி, பூர்வீக ஊரில் ஒரு மா நிலம் வாங்கலாம் என்று ஆசைப்பட்டால் அதுவும் ஆகாது: ஓ.சி.ஐ. அட்டைக்காரர் விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது, வாரிசாகப் பெறலாம். கொள்ளுத்தாத்தாவுக்கு நிலம் இருந்திருந்தால் அவர் கப்பலே ஏறியிருக்க மாட்டார்.

மலாயாவிலிருந்து திரும்ப முடியாமல் போன ஒருவரை இந்தப் பக்கம் இன்னும் பேசுகிறார்கள். முத்துப்பேட்டைக்கு அடுத்த தம்பிக்கோட்டையில் பிறந்த எஸ்.ஏ.கணபதி, அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவர். 1949 மே 4 அன்று கோலாலம்பூர் பூடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இந்திய அரசு தலையிட்டுக் கேட்டும் நிற்கவில்லை. அன்றைக்கு அரசியல் சாசனம் நடப்புக்கு வரவில்லை. இந்தியக் குடிமகன் என்று சட்டத்தில் எழுதிய ஒருவரும் உலகத்தில் இல்லை. எந்த நாட்டுக்காரர் என்ற கேள்விக்கு முடிவான விடை இல்லாத இடைவெளியில் அவர் உயிர் போயிற்று.

உலகத்தில் மற்றவர்கள் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்ப்பது பயன்படும். குரோஷியாவின் தால்மேஷியக் கடற்கரையில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் திராட்சைக் கொடிகளைப் பூச்சி அழித்தபோது, தீவு தீவாக மக்கள் சிலிக்கும் அர்ஜெண்டினாவுக்கும் நியூசிலாந்துக்கும் போனார்கள். 1991இல் தனி நாடான குரோஷியா, 2020 ஜனவரி 1 முதல் அந்த வம்சத்தாருக்குத் தலைமுறை எல்லையையே எடுத்துவிட்டது. மொழித் தேர்வும் கிடையாது. 1991 அக்டோபர் 8க்கு முன் போனவரின் நேர் வாரிசு என்று காட்டினால் முழுக் குடியுரிமை, வாக்கு உள்பட. காட்ட முடிவதற்குக் காரணம் ஊர்த் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடு. பரம ஏழையின் குழந்தைக்கும் அதில் ஒரு வரி உண்டு. தாராளத்துக்கும் காரணம் உண்டு: 2011இல் சுமார் 42.8 லட்சமாக இருந்த ஜனத்தொகை 2021இல் 38.7 லட்சமாகிவிட்டது. ஆனால் அதே நாடு 1991இல், வெளிநாட்டுக் குரோஷியருக்கு ஒரு பிரிவில் எளிதாகக் கொடுத்துவிட்டு, பல காலம் அங்கேயே வசித்த செர்பியர் பலரை வேறொரு பிரிவில் அலையவிட்டது. எங்கோ இருக்கும் பேரனை இரத்தம் என்று கூப்பிடுவதும், பக்கத்து வீட்டுக்காரனைத் தாள் எங்கே என்று கேட்பதும் ஒரே சட்டப் புத்தகத்தில் இருக்க முடியும். இத்தாலி 2025இல் திரும்பிக்கொண்டு, பெற்றோர், பாட்டன் பாட்டி என்பதோடு நிறுத்திவிட்டது. பர்மா 1982இல் போட்ட சட்டம் 1823க்கு முன்பே மூதாதையர் அங்கே வேரூன்றியிருந்தார்களா என்று கேட்கிறது. ரங்கூன் கட்டிய தமிழனிடம் அதற்கு என்ன பதில் இருக்கும்?

நம் வீட்டு வாசலுக்கும் இந்தக் கேள்வி வந்தது. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, 2002, 2005 பட்டியலில் உங்கள் பெயரோ பெற்றோர் பெயரோ எங்கே என்று படிவம் கேட்டது. அப்போது அதிகம் அலைந்தவர்கள் கல்யாணமாகி வந்த பெண்கள். பாகம் எண் தேடித் தாய்வீட்டுக்குத் தொலைபேசி போட்டார்கள். அப்பா பெயர் பட்டியலில் எழுத்துப்பிழையோடு இருந்ததைக் கண்டு பயந்தார்கள். பாட்டன் ஊர் தேடி வரும் மலேசியாக்காரரைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு அந்தச் சில வாரங்கள் கொஞ்சம் விளங்கவைத்திருக்கும்.

இனி, இலங்கையில் நாடற்று நின்றவர்களின் மிச்சமிருக்கும் கணக்கு. 1964 அக்டோபர் 30 அன்று இரு நாட்டுப் பிரதமர்கள் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் 9,75,000 பேரைப் பங்கு போட்டார்கள். 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு. மீதி ஒன்றரை லட்சத்தை 1974இல் பாதிப் பாதியாக்கினார்கள். அவர்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. கண்டியிலிருந்த இந்தியத் துணைத் தூதரகத்தில் மனு போட்டு, பாட்டன் ஊரைச் சொல்லி, இந்தியக் கடவுச்சீட்டு வாங்கிக் கப்பலேறினார்கள். வெளிநாட்டிலிருந்து வம்சாவளி வழியாக இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தவர்களில் மிகப் பெரிய கூட்டம் இதுதான். ஐந்து லட்சத்துச் சொச்சம். தாள் சரியாக இருக்கிறதா என்று அப்போது இந்தியா கடுமை காட்டவில்லை. கொடுக்க வேண்டிய கணக்கு இருந்தது, கொடுத்தார்கள். 1981 அக்டோபரில் ஒப்பந்தக் காலம் முடிந்தது. 1983 கலவரம் வந்தது. 1984இல் தலைமன்னார் கப்பல் நின்றது. மனு போட்டும் வர முடியாதவர்கள், வன்முறைக்குத் தப்பி வன்னிக்குப் போன மலையகக் குடும்பங்கள் எனப் பலர் பிறகு படகில் வந்து மண்டபத்தில் இறங்கினார்கள். கடவுச்சீட்டோடு கப்பலில் வந்தவர் தாயகம் திரும்பியவர். அதே பாட்டனின் இன்னொரு பேரன் படகில் வந்ததால் அகதி, சட்டத்தின் கண்ணில் சட்டவிரோதக் குடியேறி.

தமிழ்நாட்டு முகாம்களில் இன்றும் ஏறத்தாழ 58,000 பேர். அவர்களில் கணிசமானோர் இந்த இந்திய வம்சாவளியினர். 2019இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இல்லை. அதே ஆண்டு ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, திருச்சி கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களைச் சேர்ந்த 65 பேரின் வழக்கில், அவர்களின் குடியுரிமை மனுக்களைப் பரிசீலிக்கச் சொன்னது. 2021இல் மாநில அரசு முகாம்களின் பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. 2025 செப்டம்பரில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழ் அகதிகளுக்குத் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்குக் கொடுத்தது. தண்டிக்க மாட்டோம் என்பதுவரை வந்திருக்கிறோம். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், நீதிமன்றம் போய்ப் பாஸ்போர்ட் வாங்கி, 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். 1987 ஜூலைக்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன் என்ற பழைய விதி அவருக்கு உதவியது. அந்தத் தேதிக்குப் பிறகு அதே முகாமில் பிறந்த எவருக்கும் அது உதவாது.

ஆறு, ஏழு தலைமுறை தள்ளிப்போன மொரீஷியஸ், டிரினிடாட்காரர்களைத் தேடிப்போய் அட்டை கொடுக்கும் இந்தியா, இரண்டாம் மூன்றாம் தலைமுறையாய்த் தமிழ்நாட்டிலேயே இருப்பவர்களை ரேஷன் அட்டையோடு நிறுத்திவைத்திருப்பதற்கு ஒரு நியாயமும் கிடையாது. கண்டியில் வாங்கிய மனுக்களின் பட்டியல் இந்திய அரசின் கையில் வந்து சேர்ந்த ஆவணம். அதை எடுத்து முகாம் பதிவேட்டோடு வைத்துப் பார்த்து, வம்சாவளி தெரிகிறவர்களுக்குச் சட்டத்தில் ஏற்கெனவே உள்ள பதிவு முறையைத் திறந்துவிட வேண்டும். சட்டவிரோதக் குடியேறி என்ற முத்திரையை இவர்கள் மட்டில் நீக்க வேண்டும். மாநில அரசு தன் பங்குக்கு, தாலுகா அலுவலகங்களில் மிச்சமிருக்கும் பழைய பிறப்பு இறப்புப் பதிவேடுகளையும் குடியிருப்புப் பட்டாக் கோப்புகளையும் கரையான் முடிப்பதற்குள் படம் பிடித்துப் பொதுவில் வைக்க வேண்டும். பட்டா இல்லாத வம்சத்துக்கு ஊர்ப் பெரியவர்கள் இருவரின் வாக்குமூலமே போதும் என்று பிறப்பிடச் சான்று விதியை எழுத வேண்டும். இதை வாசிப்பவர் வீட்டில் ரஜுலா காலத்துக் கடிதமோ, முனிசீப் நோட்டோ, பழைய குடியிருப்புப் பட்டாவோ இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.